உட்காரக் கூடாத நாற்காலிகள்

இந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மெதுவாகப் பேசினால் எந்த அநியாயத்தையும் செய்யலாம் என்று எங்கேயோ வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நான் லாரி ஓட்டிய காலத்தில் ஒருவன் நம்மைத் திட்ட வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கி, கழுத்து நரம்பு புடைக்கத் திட்டுவான். நாமும் திட்டுவோம். விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது வயிற்றில் அடிக்கிறவன்கூட 'ப்ளீஸ்' போட்டு, பல் தெரியச் சிரித்து, குரலைத் தணித்துக்கொண்டுதான் அடிக்கிறான். அடிபட்டவன் கத்தினால், 'ஏன் சார் சத்தம் போடறீங்க' என்று அவனைத்தான் கேட்கிறார்கள். சுற்றி நிற்பவர்களும் அவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அந்த ஓவியக் காட்சியகத்தில் என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் மகள் அங்கே காவலுக்கு நிற்கிறாள். துப்பாக்கி, தடி எதுவும் கிடையாது. சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி, அவ்வளவுதான். படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிறவரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. சுவரில் சாயவும் கூடாது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, உதிர்ந்துவிடுமாம். சுவர் உதிரக் கூடாது, ஆள் உதிரலாம்.

அவளுக்கு இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டுகொண்டு நீலப் புழு மாதிரிப் புடைத்திருக்கிறது. மருமகன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். நம் வீட்டுச் சுவருக்கு அந்த உரிமையாவது உண்டு. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இப்படியே நின்னுகிட்டிருந்தா புண்ணு வைக்கும். வெச்சா லேசுல ஆறாது. அப்பப்ப உக்காந்து எழுந்து வேலை பாருங்க."

டாக்டர் சொன்னதை இவள் மேலதிகாரி அம்மாளிடம் போய்ச் சொன்னாள். 'பார்க்கலாம்' என்றார்களாம். பல மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மறுபடியும் கேட்க இவளுக்குப் பயம். இவளுடையது நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் நீட்டித்தால் உண்டு. போன வருஷம் முக்காலி கேட்டு நச்சரித்த ஒரு பெண்ணுக்கு நீட்டிப்பு வரவில்லை. இந்த வருஷத்து நீட்டிப்பு அடுத்த மாதம். கேட்டால் வேலை போகும், கேட்காவிட்டால் கால் போகும். இதுதான் நிலைமை.

என் வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள். "நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. அவ சொல்றது பாதி, மறைக்கிறது பாதி. ஆனா அங்க போய் வாயைத் திறக்காதீங்க."

"வாயைத் திறக்காம எப்படிடீ பாக்கறது?"

"கண்ணாலதான் பாக்கணும். உங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே வழியா?"

மகளுக்கு விருப்பமில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துவிட்டு, வாசலை மறித்து நின்றாள். "அப்பா, வர்றதுன்னா ஒண்ணு. அங்க நான் உங்க மக இல்ல."

"பின்ன யாரு?"

"காவலர். நீங்க பார்வையாளர். சொந்தக்காரங்க வந்தா முன்னாடியே சொல்லிட்டு அன்னிக்கு வேற கூடத்துக்கு மாறிக்கணும். இங்க வேலை பாத்த எவனோ தன் அண்ணன் பிள்ளைங்கள உள்ள விட்டு, அதுங்க ஒரு சிலையோட விரல உடைச்சதுல இருந்து அப்படி ஒரு விதி. நான் சொல்லப் போறதில்ல. சொன்னா 'எதுக்கு வர்றாரு'ன்னு குடைவாங்க. என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. 'பாப்பா'ன்னு வாயில வந்துடவே கூடாது."

"சரிங்க மேடம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்சியகம் இருக்கிற கட்டடம் எனக்குப் புதிதில்லை. அது முன்னாலே கோர்ட்டாக இருந்தது. ஒரு ஸ்கூட்டர்காரன் என் லாரிக்குக் குறுக்கே வந்து விழுந்த வழக்கில், அங்கே கூண்டில் என்னைக் கால் கடுக்க நிற்க வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தவன் நான். என்னை நாள் பூரா நிற்க வைத்த ஒரே இடம் அது. நீதிபதி சாப்பிடப் போனபோதும் நின்றேன். திரும்பி வந்து, தூங்கி எழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, குற்றவாளி என்றார். தப்பு ஸ்கூட்டர்காரன் மேல். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இப்போது வெளியே வெள்ளையடித்து, படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு டிக்கெட் இல்லை என்று சிரித்தபடி உள்ளே விட்டாள் ஒரு பெண். சும்மா விடுகிறார்கள் என்றால் வேறு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நுழைந்ததும் ஒரு சட்டத்தில் மடக்கு முக்காலிகள் வரிசையாக மாட்டியிருந்தன. "வேணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க சார். எந்தப் படத்துக்கு முன்னாடி வேணும்னாலும் போட்டு உக்காந்து பாக்கலாம்" என்றாள். அதாவது, வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு இருக்கை இருக்கிறது.

பெரிய கூடம்தான் அன்றைய கோர்ட். மூன்று பக்கச் சுவரிலும் படம். கூண்டை அப்படியே பாலிஷ் போட்டு வைத்து, பக்கத்தில் பித்தளைப் பலகையில் ஏதோ எழுதியிருந்தார்கள். நீதிபதி மேடையும் அப்படியே இருந்தது. அதன் மேல் அந்த உயரமான நாற்காலி, சிவப்பு வெல்வெட்டு, முன்னால் ஒரு தடித்த கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஆள் இல்லாத நாற்காலிக்குக் காவல், நாற்காலி இல்லாத ஆள்.

என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நன்றாகவே பழகியிருக்கிறாள்.

நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சாய்ந்திருந்தார்கள். ஒரு தடியன் படுத்துக்கொண்டே பழம் தின்றான். நின்றுகொண்டிருந்தவர்கள் வேலைக்காரர்களும் குதிரைகளும்தான். அதிலும் ஒரு குதிரை படுத்திருந்தது.

மகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். கொஞ்சம் கழித்து, செருப்பு முனையால் மற்றக் காலின் பின்பக்கத்தைத் தேய்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு ஜோடி உள்ளே வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே போட்டோ எடுத்துக்கொண்டது. தரையில் போட்டிருந்த கோட்டைக் காட்டி, "கோட்டைத் தாண்டாதீங்க ப்ளீஸ்" என்றாள். தாண்டாமல் எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். மறுபடியும் கால் மாற்றினாள்.

எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? எழுந்து, முக்காலியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"சார், உங்க முக்காலிய விட்டுட்டுப் போறீங்க."

"எனக்கு வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இருக்கக் கூடாது சார். வர்றவங்களுக்குத் தடுக்கும்."

"தடுக்குனா அவங்களும் உக்காந்துக்கட்டும்."

அவள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் கொடுக்கும்போது உதடு அசையாமல், "அப்பா, போயிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். கண் மட்டும் என் வீட்டுக் கண்ணாக இருந்தது.

போயிருப்பேன். வீட்டுக்காரிக்குப் பயந்தாவது போயிருப்பேன். அந்தச் சமயம் பார்த்து மேலதிகாரி அம்மாள் வந்து சேர்ந்தார். மெல்லிய செருப்பு, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். என் மகளிடம் வந்து நின்று, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கால்ல நிக்காதீங்க, ப்ளீஸ். ரெண்டு கால்லயும் எடையைப் போட்டு நேரா நில்லுங்க. பாக்கறவங்களுக்குச் சோர்வாத் தெரியுது, இல்லையா?"

"சரிங்க மேடம்."

"தேங்க்ஸ்" என்றுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். இவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நேராக நின்றாள். நாற்பதைத் தாண்டிய பெண், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கயிற்றைத் தூக்கினேன், குனிந்தேன், மேடையில் ஏறினேன், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு கம்பிச்சுருள் முதுகில் குத்தியது. நீதிபதி ஏன் அத்தனை எரிச்சலாக இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஓடி வந்தாள்.

"சார்! இறங்குங்க சார்! அதுல யாரும் உட்காரக் கூடாது!"

"ஏம்மா?"

"ரொம்பப் பழசு சார் அது."

"நானும்தான் பழசு. என்னை இறக்கி விட்டா நான் உடைய மாட்டேனா?"

"சார், விளையாடாதீங்க. நாற்காலிக் காலு தாங்காது."

"நாற்காலிக் காலுக்கு இத்தனை பேரு கவலைப்படறீங்களே! நல்லது!"

யாரோ சிரித்தார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது. வாக்கி டாக்கியை எடுத்து, பெற்ற தகப்பனைப் பற்றி மேலிடத்துக்குச் சொன்னாள்: "பெரிய கூடம். ஒரு பார்வையாளர் மேடையில ஏறி உக்காந்துட்டாரு. வயசானவர். உதவி வேணும்."

முதலில் பக்கத்துக் கூடத்துக் காவலாளி ஓடி வந்தார். பெரிய மீசைக்காரர். மருமகன் சாவுக்கு வீட்டுக்கு வந்திருந்த மனிதர். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். மேடையில் ஏறி, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "பெரியவரே, மரியாதையா இறங்குங்க!" என்றார். பிறகு என் தோளைப் பிடிப்பதுபோலக் குனிந்து, காதோடு, "நல்லா சாஞ்சு உக்காருங்க. எனக்கும் முட்டி போயாச்சு" என்றார். அவர் பிடித்த பிடியில் நான் இன்னும் ஆழமாக உட்கார்ந்தேன்.

மேலதிகாரி அம்மாள் வேகமாக வந்தார். வேகமாக வந்தாலும் குரல் மட்டும் ஏறவில்லை. "சார், ப்ளீஸ். கொஞ்சம் இறங்கி வந்தீங்கன்னா பேசலாம்."

"இங்க இருந்தே பேசலாம். இது பேசற இடம்தான். அந்தக் காலத்துல இங்க உக்காந்துதான் பேசினாங்க, கீழ இருக்கறவன் நின்னுகிட்டே கேட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. நுனியில் கிளி மாதிரி வளைந்திருக்கும். அதை ஒளித்து வைக்க விதி ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

மகள் என்னை நேராகப் பார்த்தாள். "தெரியாது மேடம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. முதலில் அவளை இழுத்து ஒரு அறை விடத்தான் கை வந்தது. அவள் தாடை நடுங்குவதைப் பார்த்தேன். அதற்குமேல் அவளிடம் கோபப்பட முடியவில்லை. பெற்றவனைத் தெரியாது என்று ஒரு பெண்ணைச் சொல்ல வைத்துவிட்டு, பக்கத்தில் சிரித்த முகத்தோடு நிற்கிறதே ஒரு உருவம், அதன் மேல் திரும்பியது அத்தனையும். என் வாயில் 'பாப்பா' என்று வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"எனக்கு மட்டும் இவளைத் தெரியுமா? எவளோ!" என்றேன்.

"சரி சார். அப்போ உங்க பிரச்சினை என்ன? சொன்னீங்கன்னா சரி பண்ணித் தரோம். பார்வையாளர்களோட அனுபவம்தான் எங்களுக்கு எல்லாத்தையும்விட முக்கியம்."

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். "அப்படியா? அப்போ கேளுங்க. என் அனுபவம் நல்லாவே இல்ல. இந்த அம்மா இங்க கம்பம் மாதிரி நிக்கறது என் கண்ணை உறுத்துது. படத்தைப் பாக்கவே முடியல. எந்தப் படத்தைப் பாத்தாலும் குறுக்கால இவங்க காலுதான் தெரியுது. காசு கொடுத்து வந்தவங்களும் இருக்காங்க, அவங்களையும் கேட்டுப் பாருங்க."

கூட்டத்தில் கைப்பையை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண்மணி, "ஆமாங்க, எனக்கும் அப்போலேருந்து ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார். இவ்வளவு நேரம் அந்த ஒரு மாதிரியை எங்கே வைத்திருந்தாரோ. போட்டோ எடுத்துக்கொண்ட பையன்கூட, "ஒரு சேர் போடலாமே மேடம்" என்றான். அவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

மேலதிகாரி அம்மாள் அந்தப் போனைப் பார்த்தார். யாரிடமோ கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. மெத்தை வைத்த, கைப்பிடியுள்ள, நல்ல நாற்காலி.

"உக்காருங்க" என்றார் என் மகளிடம்.

அவள் உட்காரவில்லை. ஏதோ பரீட்சை என்று நினைத்துவிட்டாள்.

"உக்காருங்க, ப்ளீஸ்."

பாதி நாற்காலியில், விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் முதுகு நின்றுகொண்டே இருந்தது.

எல்லோரும் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஏறியது. டாக்டர் சொன்னார், இவளே போய்க் கெஞ்சினாள், பல மாதமாக நாற்காலி வரவில்லை. தெருவில் போகிற எவனோ ஒரு கிழவன் என் கண் உறுத்துகிறது என்றால் வருகிறது. அப்படியானால் நாற்காலி பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறது. அவளுடைய காலுக்கு இல்லாத மதிப்பு என்னுடைய கண்ணுக்கு. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

"இப்போ இறங்கி வரலாமா சார்?"

"இந்த நாற்காலி நாளைக்கும் இருக்குமா?"

"கண்டிப்பா."

"நாளைக்கு நான் வர மாட்டேனே."

"அதனால என்ன சார்? சொன்னா சொன்னதுதான்." சிரித்தார். "ஆனா ஒண்ணு சார், தப்பா நினைக்காதீங்க. விதிப்படி உங்களை இனிமே உள்ள அனுமதிக்க முடியாது."

எனக்குக் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. அடுத்த மாதம் இவளுக்கு நீட்டிப்பு உண்டா, இல்லையா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவளோ ஒருத்தியின் வேலையைப் பற்றி எவனோ ஒரு பார்வையாளன் எப்படிக் கேட்பான்? கேட்டால் மூக்கு இரண்டும் ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டதாகும். பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்துகொள்ளும். வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். என் ஆயுளில் கோபத்தை வைத்துக்கொண்டு வாயை மூடியது அன்றைக்குத்தான்.

அவளைத் தாண்டிப் போனேன். "படியில பாத்து இறங்குங்க சார். கைப்பிடி ஆடும்" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கெட்டது.

மீசைக்காரரிடம் என்னைப் பின்பக்க வழியாக வெளியே விடச் சொன்னார்கள். யாரும் இல்லாத நடையில் வந்ததும் அவர் முதுகில் தட்டினார். "விடுங்க பெரியவரே. நினைச்சது நடந்துடுச்சுல்ல?"

"உமக்கு வந்துச்சா நாற்காலி?"

"எனக்கு எங்க? நீங்க என் கூடத்துக்கு வந்து கண்ணு உறுத்தலையே."

"அந்தம்மா சொன்னா சொன்னபடி செய்யுமா?"

"செய்வாங்க, செய்வாங்க. நல்லவங்கதான், பெரியவரே. ஒரு நாள் ஒரு பொழுது அதட்டிப் பேசினதில்ல."

"அதான்யா எனக்குப் பயமே."

அவர் கதவைத் திறந்துவிட்டார்.

பின்பக்க முற்றத்தில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். காற்றில் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. உள்ளே நாற்காலிகள். கோர்ட்டில் வக்கீல்கள் உட்கார்ந்த பழைய மர நாற்காலிகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை மட்டத்துக்கு. கீழே இருந்தவை மழை குடித்து ஊறிப் போயிருந்தன.

"இது என்னய்யா?"

"அதுவா? வேண்டாததுன்னு போட்டாங்க. விறகுக்குப் போகும்போல."

இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் இரண்டு வார்த்தை கேட்கத்தான் கால் வந்தது. மீசைக்காரர் குறுக்கே நின்று கையைக் கூப்பினார். "அந்தப் பொண்ணுக்காக" என்றார்.

வெளியே வந்து நடந்தேன். வீட்டுக்காரி கேட்பாள், வாயைத் திறந்தீங்களா என்று. நாற்காலி போட்டார்கள் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள். அவள் சந்தோஷப்படட்டும், அவளுக்கு நம்பிக்கை ஜாஸ்தி. நான் என் கண்ணால் பார்த்தவன். நாளைக்குக் காலையில் அந்த நாற்காலி மறுபடி ஆபீஸ் அறைக்குள் போயிருக்காது என்று எவன் எனக்கு உறுதி சொல்வான்? சொன்னாலும், மெதுவாகத்தான் சொல்வான்.

பஸ் நிறுத்தத்தில் உட்காரப் பெஞ்சு காலியாக இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கட்டடம் முதுகுப் பக்கம் இருக்கும்படி, அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டே இருந்தேன்.